பெட்டியில் வந்த பந்தும் பூச்சும்



இராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ, ஒரு வீட்டை மனத்தில் வரைந்து கொள்ளுங்கள். வளைகுடா நாடு ஒன்றில் பணிபுரியும் தந்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விடுமுறையில் வந்திருக்கிறார். நாற்பது நாட்கள் தங்கிச் செல்வார். கூடத்தின் நடுவே பெட்டி திறக்கப்படுகிறது. சுற்றத்தார் சூழ்ந்து நிற்கின்றனர். அத்தர்ப் புட்டி, வழலைக் கட்டிகள், பேரீச்சம்பழம் என ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. இறுதியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் கையில் இரண்டு பொருள்கள் வந்து சேர்கின்றன. ஒன்று, இறகுப்பந்து ஆடும் மட்டைகள் இரண்டு. மற்றொன்று, முகத்தைச் சிவப்பாக்கும் என்று சொல்லப்படும் பூச்சு அடங்கிய சிறு கிண்ணம்.

இரண்டும் அன்பினால் வாங்கப்பட்டவை. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பகைகொண்டவை. மட்டை அந்தப் பெண்ணை வெளியே வா என்று அழைக்கிறது. பூச்சோ, வெயிலில் போனால் கறுத்துப் போவாய், உள்ளேயே இரு என்று சொல்கிறது. "வாப்பாவோடு கடற்கரைக்குப் போய் விளையாடட்டுமா?" என்று அவள் கேட்கிறாள். "முகம் என்னத்துக்கு ஆகும்?" என்கிறார் தாய். இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது? இதனை அறிவியலின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். நான் வரைந்து காட்டிய வீடு கற்பனைதான். ஆனால் வழக்கு கற்பனை அன்று. இந்தக் கடற்கரையில் மட்டுமல்லாமல், தமிழகத்தின் பல ஊர்களிலும் அது நாள்தோறும் நடக்கிறது.

முதலில், பெட்டியோடு வரும் தந்தையைப் பற்றிச் சில சொற்கள். கடல் கடந்து பிழைப்புத் தேடுவது இப்பகுதிக்குப் புதிதன்று. கீழக்கரை பல நூற்றாண்டுகளாக வணிகத் துறைமுகமாக விளங்கிய ஊர். கடல் கடந்து செல்வதைச் 'சபர்' என்ற அரபுச் சொல்லால் குறிப்பது இங்குள்ள முஸ்லிம்களின் வழக்கம். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் என இலங்கைக்குப் பயணம் எளிதாயிற்று. கொழும்பிலிருந்து திரும்புவோரின் பெட்டிகள் தனுஷ்கோடித் துறையில் இறங்கின. 1964 டிசம்பரில் அடித்த பெரும்புயல் அந்த ஊரையே அழித்துவிட்டது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜுலா' என்ற கப்பல் ஏறினர். பிறகு வளைகுடா நாடுகளின் காலம் வந்தது. கப்பலின் இடத்தை விமானம் பிடித்தது. மாறாதது ஒன்றே: தந்தை ஆண்டின் பெரும்பகுதி வீட்டில் இல்லை, வரும்போது விருந்தினரைப் போல வருகிறார்.

விருந்தினராக வரும் தந்தைக்கும் வளர்ந்துவிட்ட பிள்ளைக்கும் இடையே ஒரு கூச்சம் இருப்பது இயற்கை. நாள்தோறும் திறன்பேசியில் முகம் பார்த்துப் பேசினாலும், நேரில் வந்து அமர்ந்தவுடன் பேச்சு வருவதில்லை. "நன்றாகப் படிக்கிறாயா?" என்ற கேள்வியும் "ம்" என்ற விடையும் முடிந்தபின் இருவரும் மௌனமாகிவிடுகின்றனர். அந்த மௌனத்தைக் கலைக்க விளையாட்டைப் போல உதவுவது வேறொன்றில்லை. விளையாடும்போது பேச வேண்டியதைத் தேட வேண்டுவதில்லை. பந்து எல்லைக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்ற வாதமே போதும். அதிலும் ஒரு சிறப்பு உண்டு. வீட்டில் எல்லாவற்றையும் தந்தை சொல்ல மகள் கேட்கிறாள். ஆடுகளத்திலோ, ஊரில் இல்லாத தந்தைக்கு மகள் கற்றுக்கொடுக்கலாம். காற்று எப்பக்கம் வீசுகிறது, மணல் எங்கே இறுகியிருக்கிறது, ஆட்டத்தின் விதி எவ்வாறு மாறியிருக்கிறது என்பவையெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்?

ஆனால் தந்தை ஆசையோடு வாங்கிவந்த இறகுப்பந்து இந்தக் கடற்கரையில் எளிதில் ஆடக்கூடியதன்று. காரணம் அதன் எடை. பதினாறு இறகுகள் பொருத்திய ஒரு பந்து 4.74 கிராம் முதல் 5.50 கிராம் வரைதான் இருக்கலாம் என்பது விதி. காற்றில்லாத அரங்குக்கென்று வகுத்த எடை அது. கடற்காற்று அதைத் தன் விருப்பப்படி எடுத்துச் செல்லும். இந்தக் குறையை உணர்ந்தே உலகப் பூப்பந்தாட்டக் கூட்டமைப்பு 2019ஆம் ஆண்டில் வெட்டவெளியில் ஆடுவதற்கென்று புதுவகைப் பந்து ஒன்றை அறிமுகம் செய்தது. நம் நாட்டினர் இதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தனர். தஞ்சை அரச குடும்பத்தினர் 19ஆம் நூற்றாண்டில் ஆடத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டத்தில், கம்பளி நூலால் ஆன மஞ்சள் பந்து பயன்படுகிறது. அது இறகுப்பந்தைவிட ஐந்து மடங்குக்கும் மேலான எடையுள்ளது. ஆதலால் காற்றுக்கு அவ்வளவு எளிதில் பணிவதில்லை. பள்ளிகளிலும் சிற்றூர்களிலும் திறந்த வெளியில் அந்த ஆட்டம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இறகுப்பந்தையே ஆட வேண்டுமென்றால் காற்றின் இயல்பை அறிந்து ஆட வேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமடைந்து மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குச் செல்கிறது. இந்த இரண்டும் இடம் மாறும் வேளையில், குறிப்பாகச் சூரியன் எழுந்த சிறிது நேரத்தில், காற்று ஓய்ந்து நிற்பதுண்டு. இறகுப்பந்துக்கு ஏற்ற நேரம் அதுவே. பருவக்காற்று வலுத்திருக்கும் மாதங்களில் இந்தக் கணக்குப் பொய்த்துப் போகும். அப்போது நம் ஆட்டங்களுக்கு மாறிவிடலாம். கிளித்தட்டுக்கும் சடுகுடுவுக்கும் பந்தும் வேண்டா, மட்டையும் வேண்டா. மணலில் கோடு கிழித்தால் போதும். சடுகுடு 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி என்ற பெயரில் இடம்பெற்றது. 2010 முதல் மகளிருக்கும் அப்போட்டியில் இடம் உண்டு. ஆதலால் அது பெண்களுக்கு ஆகாத ஆட்டம் என்று சொல்வாரில்லை.

இராமேசுவரம் தீவுக்கு இன்னொரு நலனும் உண்டு. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பர். தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இந்நிலை தலைகீழாகும். எந்தக் கரையில் எப்போது இறங்கலாம் என்பதை அவ்வூர் மீனவரைக் கேட்டறிந்தே நீரில் ஆட வேண்டும். கணினித் திரையில் காணும் வானிலைக் குறிப்போடு அவர்களுடைய சொல்லையும் சேர்த்துக் கேட்பதே அறிவுடைமை.

தந்தையார்க்கும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இரண்டாண்டு காலம் ஓடாத கால்கள் முதல் நாளே ஓடத் துடிக்கும். மகளுக்கு முன்னே தோற்க யாருக்குத்தான் மனம் வரும்? எனினும் முதல் சில நாட்கள் நடையும் மெல்லோட்டமும் போதும். உலர்ந்த மணலில் கால் புதைவதால் அங்கே ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட மிகுந்த ஆற்றல் செலவாகிறது. ஆதலால் அலை நனைத்து இறுகிய ஈரமணலே தொடக்கத்திற்கு ஏற்றது. மார்பில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி, தாய் எழுப்பிய தடைக்கு வருவோம். வெயிலில் ஆடினால் முகம் கறுக்காதா? கறுக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் அது ஏன் கறுக்கிறது என்பதை அறிய வேண்டும். நம் தோலின் மேலடுக்கில் மெலனின் என்னும் நிறப்பொருளைச் செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. வெள்ளையர், கறுப்பர் எவராயினும் இந்த உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் மெலனினின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு இருக்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களுக்குள் புகுந்து மரபுப்பொருளைச் சிதைக்க வல்லவை. கதிர் மிகும்போது உடல் மெலனினை மிகுதியாகச் செய்து, உயிரணுவின் கருவுக்கு மேலே குடைபோல் விரிக்கிறது. நாம் "கறுத்துவிட்டாய்" என்று குறை சொல்வது அந்தக் குடையைப் பார்த்துத்தான்.

இராமேசுவரம் வடக்கே 9 பாகை அட்சத்தில் உள்ளது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். போதாக்குறைக்கு, உலர்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், கடல் நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி எறிகின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இத்தகைய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்குக் கருநிறத் தோல் அமைந்தது ஒரு பேறு என்றே சொல்ல வேண்டும்.

இதனால் கருநிறத் தோலினர் எவ்வளவு வெயிலிலும் நிற்கலாம் என்று பொருளில்லை. இயற்கைக் குடைக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணுக்கு அந்தக் குடையும் இல்லை. ஆகவே ஓர் எளிய அளவுகோல் சொல்கிறேன். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீண்டிருந்தால் ஆடலாம். குறுகியிருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அறிந்து, நிழலில் ஒதுங்குங்கள். காலையிலும் மாலையிலும் ஆடினால் தாயின் கவலையும் பாதி தீரும், காற்றும் ஒத்துழைக்கும். பகலில் போக நேர்ந்தால் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமே முதற்காப்பு. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகியவை கலந்த வெயில்காப்புப் பூச்சுகளும் உதவும். அதன் மேலுள்ள எஸ்.பி.எஃப். 30 என்ற எண், போதிய அளவு பூசிக்கொண்டால் தோலைச் சிவக்கச் செய்யும் கதிரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ளே செல்லும் என்பதைக் குறிக்கிறது. வியர்வையில் அது கரைவதால் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். பர்மிய மகளிர் தனக்கா என்னும் மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுவதைப் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பத்தார் அறிவர். வெயிலுக்கு எதிராக எதையேனும் பூசிக்கொள்வது மனிதரின் பழைய வழக்கம்.

வெயிலுக்கு எதிராகப் பூசுவது ஒன்று. சொந்த நிறத்துக்கு எதிராகப் பூசுவது வேறொன்று. பெட்டியில் வந்த கிண்ணம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நம் பேச்சு வழக்கில் வெளுப்பைச் 'சிவப்பு' என்றும், அந்தச் சிவப்பையே அழகு என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். பெண் பார்க்க வருவோரின் வாயில் அச்சொல் வராமல் இருப்பதில்லை. தாய் மகளை வெளியே விட அஞ்சுவதற்கும், தந்தை அந்தக் கிண்ணத்தை வாங்கி வருவதற்கும் பின்னால் இருப்பது இதே கவலைதான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தக் கிண்ணத்திற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியது நம் கடமை.

நிறத்தை விரைவாக வெளுக்கச் செய்யும் பூச்சுகளில் சிலவற்றில் பாதரச உப்புகள் சேர்க்கப்படுகின்றன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன? மெலனின் உண்டாவதற்கு டைரோசினேஸ் என்னும் நொதி வேண்டும். அந்த நொதியின் நடுவே செம்பு அணுக்கள் உள்ளன. பாதரசம் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. மெலனின் குறைகிறது, தோல் வெளுக்கிறது. சில நாட்களிலேயே பயன் தெரிவதால் "நல்ல மருந்து" என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நிற்பதில்லை. தோலின் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சென்று தங்குகிறது. நாளடைவில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதடைந்து, உடலில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சிறுநீர் நுரைத்துப் போவதும், காலையில் கண்ணைச் சுற்றியும் மாலையில் கணுக்காலிலும் வீக்கம் காண்பதும் அதன் அறிகுறிகள்.

இஃது எங்கோ தொலைவில் நடப்பதன்று. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் நகர மருத்துவர்கள் இதைக் கண்டறிந்து மருத்துவ இதழில் எழுதினர். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்தவர்கள் 22 பேர். அவர்களுள் 15 பேருக்கு நோயின் அடையாளமாக ஒரு குறிப்பிட்ட புரதம் காணப்பட்டது. அந்தப் பதினைவரில் 13 பேர் சிவப்பழகுப் பூச்சுப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டனர். மலப்புறமும் நம் கடற்கரையைப் போலவே வளைகுடாவுக்கு மக்களை அனுப்பும் நிலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பூச்சை நிறுத்தியபின் பலருக்கு நோய் தணிந்தது என்பது ஆறுதலான செய்தி.

பாதரசத்தின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியதும் ஒரு மீனவர் கடற்கரையே. ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்ற சிறு நகரம் உள்ளது. அங்கே ஓர் இரசாயன ஆலை பாதரசக் கழிவை விரிகுடாவில் கலந்தது. அதை மீன்கள் உண்டன. மீன்களை மக்கள் உண்டனர். கை நடுங்கியது; பார்வை சுருங்கியது; தாயின் வயிற்றிலிருந்த குழந்தையும் பாதிக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டில் அந்நோய் முறையாகக் கண்டறியப்பட்டது. அங்கே நரம்பைத் தாக்கியது மெத்தில் பாதரசம். முகப்பூச்சில் உள்ளது பெரும்பாலும் கனிமப் பாதரச உப்பு. வடிவம் வேறு, தாக்கும் உறுப்பும் வேறு. எனினும் நஞ்சு ஒன்றே. அந்த ஊரின் பெயராலேயே 2013ஆம் ஆண்டில் பன்னாட்டு உடன்பாடு ஒன்று உருவாயிற்று. இந்தியா 2018இல் அதை உறுதி செய்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது என்று 2023இல் உடன்பாட்டு நாடுகள் முடிவெடுத்தன. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளும் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. கண்ணைச் சுற்றிப் பூசுவன நீங்கலான பொருள்களில், தற்செயலாகக் கலந்தாலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. சட்டம் இருந்தும், பெட்டிகளிலும் கடைத்தெருக்களிலும் இணைய வணிகத்திலும் அத்தகைய பூச்சுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எவ்வாறு இனங்காண்பது? கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் முகவரியும், சேர்ந்த பொருள்களின் பட்டியலும், தயாரித்த நாளும் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டா. பட்டியலில் 'மெர்க்குரி', 'கலோமெல்', 'மெர்க்குரிக்', 'ஹைட்ரார்ஜிரம்' போன்ற சொற்கள் ஆங்கில எழுத்தில் இருந்தால் அது பாதரசமே. இன்னொரு நுட்பமான அடையாளமும் உண்டு. "தங்கம், வெள்ளி, அலுமினியம் இவற்றின்மேல் படாமல் பார்த்துக்கொள்க" என்ற எச்சரிக்கை சில பூச்சுகளில் காணப்படும். ஏன்? பாதரசம் தங்கத்தோடு சேர்ந்தால் அதைப் பற்றிக்கொண்டு வெளுக்கச் செய்யும். பொற்கொல்லரைக் கேட்டால் சொல்வர். காதுத் தோட்டுக்கு ஆகாத பொருள் கன்னத்துக்கு ஆகுமா என்று எண்ணிப் பாருங்கள். பாதரசம் இல்லாத சில பூச்சுகளில் வலிமை மிக்க ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். அதை மருத்துவர் சீட்டின்றிப் பூசி வந்தால் தோல் மெலிந்து, சிவந்து, முகப்பரு மிகுந்து, நிறுத்தும்போது முன்னைவிட மோசமாகும். பூசுகிறவரோடு தீமை நின்றுவிடுவதுமில்லை. பாதரசப் பூச்சு துவாலையிலும் தலையணையிலும் ஒட்டி, ஆவியாகியும் பரவி, அதே வீட்டிலுள்ள கைக்குழந்தையையும் தீண்டுகிறது.

பெட்டியில் வரும் வேறு இரண்டு பொருள்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று சுருமா. கண்ணுக்குத் தீட்டும் சுருமாவில் சிலவகை ஈயக் கல்லைப் பொடித்துச் செய்யப்படுகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தையின் கண்ணுக்கு அதை இடுவது தீங்கு. மற்றொன்று 'கறுப்பு மருதாணி'. இலையை அரைத்து இடும் உண்மையான மருதாணி செந்நிறந்தான் தரும்; அது பிடிக்கச் சில மணி நேரம் ஆகும். சிறிது நேரத்தில் கரேலென்று பிடித்தால் அதில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் கலந்திருக்கிறது என்று பொருள். கல்யாண வீட்டில் இட்ட கோலம் கொப்புளமாக மாறி, வடுவாக நிலைத்தவர்கள் உண்டு.

அப்படியானால் புதிய அழகுப் பொருள் எதையுமே முயன்று பார்க்கலாகாதா? பார்க்கலாம். முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, ஒரு வார காலம் நாளுக்கு இருமுறை அவ்வாறே செய்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்தில் பூசலாம் என்று தோல் மருத்துவர்கள் கூறுகின்றனர். தாயும் தந்தையும் மகளும் கூடி அமர்ந்து இந்தச் சோதனையைச் செய்வதும் ஒரு விளையாட்டே. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இந்தச் சோதனை ஒவ்வாமையை மட்டுமே காட்டும். பாதரசத்தைக் காட்டாது. ஏனெனில் பாதரசம் தோலில் சுடாமல், சிறுநீரகத்தில் போய்ச் சுடுகிறது. அதற்குப் பெயர்ப்பட்டியலை வாசிக்கும் கண்ணே சோதனை.

அழகுப் பொருள்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடற்கரை பெருமைப்பட வேண்டிய ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பற்பசை குழைவாக இருப்பதற்கும், பூச்சுகள் நீரும் எண்ணெயுமாகப் பிரியாமல் இருப்பதற்கும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்கள் பயன்படுகின்றன. அந்தப் பாசிகளில் பல மன்னார் வளைகுடாவில் விளைகின்றன. பாம்பன் தீவின் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நீருக்கடியில் மூச்சடக்கி, பாறைகளிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து வருகின்றனர். 1986இல் அங்குள்ள தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டபின் அவர்களுடைய தொழிலுக்கு நெருக்கடி வந்தது. பாசி மீண்டும் தழைப்பதற்காக அவர்களே நாட்களை வரையறுத்துக்கொண்டு பறிக்கின்றனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி என்ற பெண்மணிக்கு, 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு தன் பரிசை வழங்கியது. உச்சி வெயிலும் உப்பு நீரும் கறுக்கச் செய்த அந்த முகங்களின் உழைப்பில் ஒரு பங்கு, யாரோ ஒருவரின் முகப்பூச்சுக்குள் சென்று சேரக்கூடும். அந்தக் கிண்ணத்தின் மேலோ வெளுத்த முகம் ஒன்று சிரிக்கிறது!

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். வழக்குக்கு என்ன தீர்ப்பு? தாய் சொன்னதில் ஒரு பாதி சரி. உச்சி வெயில் ஆகாது. மகள் கேட்டதும் சரி. அதிகாலையில் அவள் தந்தையோடு ஆடத்தான் வேண்டும். தந்தையின் அன்பும் சரியே. அவர் வாங்கிய பொருளில் ஒன்றுதான் தவறிவிட்டது. அந்தக் கிண்ணத்தின் பட்டியலை மூவரும் சேர்ந்து படிக்கட்டும். பட்டியல் இல்லையென்றாலோ, பாதரசத்தின் பெயர் இருந்தாலோ, அதைக் கடலிலோ குப்பையிலோ எறியாமல் இறுக மூடித் தனியே வைத்து, மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் தெரிவிக்கட்டும். முன்பே பூசி வந்திருந்தால் சிறுநீர்ச் சோதனை ஒன்று செய்துகொள்ளட்டும். அது எளிய சோதனைதான்.

மாணவிகளே, மாணவர்களே! கடல் கடந்த ஊரிலிருந்து உங்கள் தந்தையோ தாயோ, "உனக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்கும்போது, வெளுப்பாக்கும் பூச்சு வேண்டாம் என்று மறவாமல் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள், அவர்கள் அறியாமல் வாங்குகிறார்களே ஒழிய, அறிந்து வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக, வந்தவுடன் விடியற்காலையில் ஒரு மணி நேரம் உங்களோடு மணலுக்கு வரவேண்டும் என்று கேளுங்கள். நாற்பது நாட்களில் நாற்பது காலைகள் இருக்கின்றன. அவற்றில் பாதி கிடைத்தாலும் போதும். அவர் மீண்டும் விமானம் ஏறும்போது அவருடைய முகமும் உங்களுடைய முகமும் சற்றே கறுத்திருக்கும். அதைப் பார்த்து வருந்த வேண்டாம் என்று உங்கள் தாயாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.